எக்கோ நார்மல் என்கிறார்கள், பிறகு எதற்கு கார்டியாக் எம்.ஆர்.ஐ.? (தங்கைக்கு லூபஸ்)

திருச்சி அக்கா:

வணக்கம். என் தங்கைக்கு 27 வயது. நான்கு வருடமாக லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய். கன்னத்தில் சிவப்பு, விரல் மூட்டு வலி என்று ஆரம்பித்தது. போன வருடம் சிறுநீரில் புரோட்டீன் போக ஆரம்பித்து, பயாப்ஸி வரை பார்த்து, இப்போது சிறுநீரகம் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. கிரியேட்டினின் 0.9. லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைகோஃபெனோலேட், 7.5 மி.கி. ஸ்டீராய்டு எல்லாம் தவறாமல் சாப்பிடுகிறாள்.

இரண்டு மாதமாகப் புதிதாக ஒன்று. எங்கள் வீடு இரண்டாவது மாடியில். கடை வேலை முடிந்து வரும்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்று செல்போனைப் பார்க்கிறாள். ஏதோ மெசேஜ் என்றுதான் நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் அவள் பின்னாலேயே ஏறி வந்தேன். போன் திரையில் வெளிச்சமே இல்லை. மூச்சு வாங்குவது எங்களுக்குத் தெரியக்கூடாது என்று அப்படி நிற்கிறாள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 104. ஹீமோகுளோபின் 11.2, தைராய்டு சரி. எக்கோவில் ஈ.எஃப். 62 சதவீதம், இதய உறையில் மிகக் கொஞ்சமாக நீர், வால்வு நார்மல். இதய டாக்டர் 'ஒன்றும் பயப்பட வேண்டாம், இதயம் நன்றாக இருக்கிறது' என்றார். அதே ரிப்போர்ட்டைப் பார்த்த ருமட்டாலஜி டாக்டர் (லூபஸுக்குப் பார்ப்பவர்), கார்டியாக் எம்.ஆர்.ஐ. எடுங்கள், டி1, டி2 மேப்பிங்கோடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். விசாரித்ததில் 14,000 ரூபாய் சொல்கிறார்கள்.

'நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொல்லிட்டார், அதுக்குள்ள போய் எதைத் தேடப் போறாங்க?' என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் கிட்னியைக் கெடுக்கும் என்று சொந்தத்தில் ஒருவர் வேறு பயமுறுத்திவிட்டார். லூபஸில் இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எக்கோவில் தெரியாதது அதில் தெரியுமா?

எக்கோ டெக்னீஷியன், கோவை:

14 வருடமாக எக்கோ எடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்திரம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஈ.எஃப். என்பது, இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 62 நல்ல எண்தான். ஆனால் இதயத் தசையில் நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதில்லை. உள்பக்கத்து நார்கள் நீளவாக்கில் ஓடும், நடுவில் உள்ளவை சுற்றிவளைத்து ஓடும். பல நோய்களில் உள்பக்கத்து நார்கள்தான் முதலில் தளரும். சுற்றி ஓடும் நார்கள் அந்த வேலையையும் சேர்த்து இழுத்துச் செய்யும். அதனால் தள்ளும் அளவு குறையாது, ஈ.எஃப். ரொம்ப நாள் நார்மலாகவே வந்துகொண்டிருக்கும்.

அந்த நீளவாக்குச் சுருக்கத்தைத் தனியாக அளக்க ஸ்ட்ரெயின் என்று ஒரு முறை இருக்கிறது. சீட்டில் ஜி.எல்.எஸ். என்று எழுதுவார்கள். தசை சுருங்கிக் குட்டையாவதை அளப்பதால் மைனஸில் வரும். நல்ல இதயத்தில் மைனஸ் 20 பக்கம். மைனஸ் 16-க்கு வந்துவிட்டால் ஈ.எஃப். நன்றாக இருந்தாலும் டாக்டர் கவனித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. சீட்டில் கேட்டிருந்தால் ஒழிய நாங்கள் போடுவதில்லை, உண்மையைச் சொல்கிறேன். வெளியே 30 பேர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் தானாக அதைப் போட மாட்டார்கள். எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி எந்திரத்தில் வரும் எண்ணும் இன்னொன்றில் வரும் எண்ணும் கொஞ்சம் வேறுபடும், எனவே அடுத்த தடவையும் அதே இடத்திலேயே எடுங்கள். நாடி 104 என்கிறீர்கள். வந்தவுடன் படுக்க வைக்காமல் கொஞ்சம் உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள், படம் தெளிவாக விழும்.

இன்னொன்று. லூபஸ் என்று சீட்டில் கட்டாயம் எழுதி வாங்குங்கள். வால்வில் சின்ன முடிச்சு மாதிரி வளர்வது இந்த நோயில் உண்டு. 1924-லேயே நியூயார்க்கில் லிப்மன், சாக்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் இதை எழுதிவைத்தார்கள், இன்றும் அவர்கள் பெயரில்தான் சொல்கிறோம். லூபஸ் என்று தெரிந்தால் வால்வை நிதானமாகப் பார்ப்போம். 'மூச்சு வாங்குகிறது' என்று மட்டும் எழுதியிருந்தால் கண் வேறு இடத்துக்குப் போய்விடும்.

கும்பகோணம் டீச்சர்:

உங்கள் தங்கை போனைப் பார்ப்பது போல நிற்கிறாள் என்று படித்ததும் எனக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பேன். மூன்றாம் வகுப்பு. டீச்சர் எழுதப் போகிறார்கள் என்று பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். சாக்பீஸைப் பலகையில் வைத்தபடி எட்டு, பத்து மூச்சு விட்ட பிறகுதான் முதல் எழுத்தைப் போடுவேன். இப்படியே ஒரு வருடம் ஓட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் தங்கைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

எனக்கு 41 வயது, லூபஸுக்கு 13 வயது. 2017-இல் முதல் தடவை இதயத்தில் கைவைத்தது. அது வேறு மாதிரி. படுத்தால் நெஞ்சில் கத்தியால் குத்துவது போல வலி, முன்னால் குனிந்தால் குறையும். சாப்பாட்டு மேஜையில் தலையணையைப் போட்டு அதில் தலை சாய்த்தே நான்கு ராத்திரி தூங்கினேன். இதய உறையில் வீக்கம், நீர். எக்கோவிலேயே பளிச்சென்று தெரிந்தது. லூபஸ்காரர்களுக்கு இதயத்தில் அதிகமாக வருவது இதுதான் என்றார்கள். ஸ்டீராய்டைக் கூட்டியதும் இரண்டு வாரத்தில் சரியானது.

2021-இல் வந்ததுதான் இந்தக் கரும்பலகைச் சமாச்சாரம். வலி இல்லை. களைப்பு, படபடப்பு, நாலு படி ஏறினால் இரைப்பு. மூன்று எக்கோ எடுத்தேன். ஈ.எஃப். 60, 60, 58. ஒரு டாக்டர், 'வீட்டில் ஏதாவது டென்ஷனா அம்மா?' என்று கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். நானும் அப்படித்தான் போல என்று நம்பினேன், அதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம். கடைசியில் ருமட்டாலஜி டாக்டர் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் புரதம் அது. லேசாகக் கூடியிருந்தது. உடனே கார்டியாக் எம்.ஆர்.ஐ. எழுதினார். மேப்பிங் செய்யும் இடம் எங்கள் பக்கம் கிடைக்காமல் சென்னை போனோம்.

அப்பாவின் கேள்விக்கு எங்கள் டாக்டர் சொன்ன பதிலையே சொல்கிறேன். எக்கோ இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும். எம்.ஆர்.ஐ. அந்தத் தசை எப்படி இருக்கிறது என்று பார்க்கும். எங்கள் வீடு பழைய வீடு. ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறும். தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் ஒழுங்காகத்தான் நிற்கும், கையை வைத்தால்தான் ஈரம் தெரியும். நாலைந்து வருடம் கவனிக்காமல் விட்டால் காரை பெயரும். டாக்டர் விளக்கியதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். டி2 மேப்பிங் ஓதத்தைக் காட்டுவது, அதாவது தசையில் இப்போது நடக்கும் அழற்சியால் சேர்ந்த நீரை. காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, 10, 15 நிமிடம் கழித்து எடுக்கும் படம் காரை பெயர்ந்த இடத்தைக் காட்டுவது, அதாவது தழும்பை. டி1 இரண்டாலும் கூடும், முக்கியமாகத் தசை முழுவதும் மெல்லிசாகப் பரவும் நார்த்தன்மை அதில் தெரியும். தழும்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதும் முக்கியம். உள்பக்கத்து ஓரத்தில் என்றால் ரத்தக்குழாய் அடைப்பால் வந்தது, நடுவிலோ வெளிப்பக்கமோ என்றால் பெரும்பாலும் தசை அழற்சியால் வந்தது.

எனக்கு ஓதமும் இருந்தது, பக்கச் சுவரின் நடுவில் சின்னதாக ஒரு தழும்பும் இருந்தது. ஸ்டீராய்டைக் கூட்டினார்கள், மைகோஃபெனோலேட் சேர்த்தார்கள், இதயத்தின் சுமையைக் குறைக்க ராமிப்ரில் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒன்பது மாதம் கழித்து மறுபடி எடுத்தோம். ஓதம் காய்ந்திருந்தது. காரை பெயர்ந்த இடம் அப்படியேதான் இருக்கிறது, இனிமேலும் இருக்கும். மூன்று எக்கோ எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருடத்தில் விழுந்த தழும்பா அது, அதற்கு முன்னதா, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தள்ளிப் போடாதீர்கள். மருந்துக்குக் கட்டுப்படுகிற நிலையில் பிடிப்பதற்குத்தான் இந்த ஸ்கேன்.

கிட்னி பயம் பற்றி. சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. காடோலினியத்தில் பயப்பட வேண்டியது சிறுநீரகம் ரொம்பவும் மோசமானவர்கள்தான். வடிகட்டும் அளவு, அந்த ஈ.ஜி.எஃப்.ஆர்., 30-க்குக் கீழே இருந்தால் தோல் இறுகிப்போகும் ஒரு நோய் வரக்கூடும் என்று எச்சரிக்கை உண்டு. இப்போது புழக்கத்தில் உள்ள வளைய வகை மருந்துகளில் அந்த ஆபத்தும் மிகக் குறைவு. உங்கள் தங்கைக்குக் கிரியேட்டினின் 0.9 என்றால் நிம்மதியாக எடுக்கலாம், ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். டி2 மேப்பிங்கும் மருந்துக்கு முன்னால் எடுக்கும் டி1-உம் ஊசியே இல்லாமல் எடுப்பவை. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

போகிற இடத்தில் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மேப்பிங் உண்டா, அவர்கள் எந்திரத்துக்கு நார்மல் அளவு எவ்வளவு என்று வைத்திருக்கிறார்களா? டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமை. 1.5 டெஸ்லா எந்திரத்தின் டி1 எண்ணும் 3 டெஸ்லா எந்திரத்தின் எண்ணும் ஒன்றாக இருக்காது. நான் முதலில் விசாரித்த சென்டரில் தழும்புப் படம் மட்டும்தான் எடுப்போம் என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால் ஓதம் தெரியாமலே போயிருக்கும். ஸ்டீராய்டு கூட்டும் யோசனை இருந்தால், அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க முடியுமா என்றும் டாக்டரைக் கேளுங்கள். மருந்து வேலை செய்துவிட்டால் ஈரம் அடங்கிவிடும். ஆனால் காத்திருக்க நேரமில்லை என்று அவர் சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

உள்ளே எப்படி இருக்கும் என்று தங்கைக்குச் சொல்லிவையுங்கள். தெரிந்து போனால் பயம் பாதி. தாலிச் சங்கிலி, மெட்டி, சேலை ஊக்கு எல்லாம் கழற்றச் சொன்னார்கள். சங்கிலியை அம்மா கையில் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறோடு போனேன். உங்கள் தங்கை கொலுசு, கம்மல், தலை ஊசி பார்த்துக்கொள்ளட்டும். கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட்டார்கள், அதிலேயே பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க ரத்தமும் எடுத்தார்கள். மருந்து தசையில் எவ்வளவு தங்குகிறது என்று கணக்குப் போட அன்றைய பி.சி.வி. அளவு வேண்டுமாம். நெஞ்சில் ஈ.சி.ஜி. ஸ்டிக்கர், மேலே கனமான பலகை மாதிரி ஒன்றை வைத்துக் கட்டினார்கள். காதில் ஹெட்போன். அதற்குள் ஒரு பையனின் குரல்: 'மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க.' பத்துப் பதினைந்து விநாடி தடதடவென்று சத்தம். 'மூச்சு விடலாம்.' திரும்பவும் அதே. ஒரு மணி நேரத்தில் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பான். பாதியில் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். 'அக்கா, அவசரமே இல்ல, உங்களால முடிஞ்சப்ப சொல்லுங்க' என்று காத்திருந்தான். முகம் பார்க்கவில்லை, அந்தக் குரல் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. முந்தைய நாள் வீட்டில் மூச்சை வெளியே விட்டு நிறுத்திப் பழகச் சொல்லுங்கள், பெரிய உதவி.

டி1 மட்டும் லேசாகக் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் இடிந்து போகாதீர்கள். அறிகுறியே இல்லாத லூபஸ் பெண்களுக்கும் அப்படிக் கூடியிருப்பதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தை மாற்றலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அறிகுறி, ட்ரோபோனின், டி2 எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

வேலூர்க்காரர்:

டீச்சர் தசையைப் பற்றி விவரமாகச் சொல்லிவிட்டார். ரத்தக்குழாயை மறந்துவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன்.

என் மனைவிக்கு 38 வயதில் மாரடைப்பு. லூபஸ் ஒன்பது வருடமாக அடங்கியே இருந்தது. இரவு முழுவதும் கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காலையில் போன இடத்தில், இந்த வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பெல்லாம் வராது என்று ஈ.சி.ஜி. எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆக்கினார்கள். பிழைத்துவிட்டாள், இப்போது வேலைக்குப் போகிறாள். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 1976-லேயே கனடாவில் டொரண்டோ டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்: லூபஸ் வந்த புதிதில் இறப்பவர்கள் நோயின் வேகத்தாலும் கிருமித் தொற்றாலும் இறக்கிறார்கள், பல வருடம் கழித்து இறப்பவர்கள் மாரடைப்பால் இறக்கிறார்கள் என்று. 1997-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கணக்கெடுத்ததில், 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு அதே வயதுப் பெண்களைவிட 50 மடங்குக்கு மேல். 2003-இல் நியூயார்க்கில் 197 லூபஸ் நோயாளிகளின் கழுத்து ரத்தக்குழாயை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 100-க்கு 37 பேருக்குக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு இருந்தது. நோய் இல்லாதவர்களில் 15 பேருக்குத்தான். இதெல்லாம் என் மனைவிக்கு லூபஸ் என்று சொன்ன நாளிலேயே தெரிந்திருந்த விஷயம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தக் கழுத்து அல்ட்ராசவுண்டை இங்கே கழுத்து டாப்ளர் என்பார்கள், செலவு குறைவு, ஊசி இல்லை. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். சி.டி.யில் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் என்று வந்தாலும் இளம் வயதில் அதை மட்டும் நம்ப முடியாது, சுண்ணாம்பு படியாத மெத்தென்ற படிவு அதில் தெரியாது. ஸ்கேன் எடுக்கிறோம் என்று இரத்த அழுத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். லூபஸில் 130/80-க்குக் கீழே வைக்கப் பார்க்கச் சொல்கிறார்கள் ஐரோப்பிய டாக்டர்கள். கொலஸ்டிரால் பாருங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள், அந்த மாத்திரைக்காகச் செய்யும் கண் பரிசோதனையை மட்டும் டாக்டர் சொன்னபடி செய்துவிடுங்கள்.

திருச்சி அக்கா:

மூன்று பேருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டெக்னீஷியன் அண்ணா சொன்னபடி ஸ்ட்ரெயின் கேட்டோம். மைனஸ் 15.8. அதைப் பார்த்ததும் இதய டாக்டரே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்றார். ட்ரோபோனினும் கொஞ்சம் கூடியிருந்தது. டீச்சர் எழுதியதை அச்சடித்துத் தங்கையிடம் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் ராத்திரி கட்டிலில் படுத்து மூச்சை நிறுத்திப் பழகினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். உள்ளே 50 நிமிடம் ஆனது, அழவில்லை.

ரிப்போர்ட்டில் டி2 பக்கச் சுவரிலும் கீழ்ச்சுவரிலும் கூடியிருக்கிறது. டி1 லேசாக. தழும்பு எங்கேயும் இல்லை. ஸ்டீராய்டைக் கூட்டியிருக்கிறார்கள், மைகோஃபெனோலேட் அளவையும் ஏற்றியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே எந்திரத்தில் ஸ்ட்ரெயின், ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. இரத்த அழுத்தம் 136/88 இருந்தது, அதற்கும் மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. கழுத்து டாப்ளர் அடுத்த வாரம்.

ரிப்போர்ட்டை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, 'காரை பெயரலைன்னுதானே போட்டிருக்கு?' என்றார். ஆமாம் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் பார்த்தால் முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. அவள் இப்போது அதில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருகிறாள். போன் கைப்பையில் இருக்கிறது.